தாளின் நரம்பு

கையில் ஒரு வித்தை இருக்கிறது. அதை நெருங்கிய சிநேகிதர் ஒருவர் கேட்கிறார். மறுக்க மனமில்லாமல் கற்றுக்கொடுக்கத் தொடங்குகிறோம். ஆனால் கொடுக்கிற கை கடைசி விரலை மட்டும் மடக்கிக்கொண்டுவிடுகிறது. அந்த மடங்கிய விரலைப் பற்றி எழுத வேண்டுமென்று நெடுநாளாக நினைத்திருந்தும் எழுதக் கூசி வந்ததற்குக் காரணம், அது என் விரலாக இருந்ததுதான்.

சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் 31 வருஷம் சித்திர ஆசிரியராக உத்தியோகம் பார்த்தவன் நான். பிள்ளைகளுக்குப் பூசணிக்காயும் கிளியும் வரையக் கற்றுக்கொடுத்த நேரம் போக மிச்ச நேரத்தில், தாளை வெட்டியும் மடித்தும் ஒட்டியும் வாழ்த்து அட்டை செய்வது எனக்குப் பழக்கமாயிற்று. மார்கழி பிறந்துவிட்டால் கீழவீதியிலும் மேலவீதியிலும் கடைவாசல்களில் சணல் கயிறு கட்டிப் பொங்கல் வாழ்த்துகளைத் தொங்கவிட்டிருந்த காலம் அது. சிவகாசியில் அச்சாகி வந்த அந்த அட்டைகளில் பொங்கி வழியும் பானையும், ஜோடிக் கரும்பும், கொம்புக்கு வர்ணம் பூசிய மாடும், மயில்மீது முருகக் கடவுளும், அவருக்குச் சற்றும் குறையாத மரியாதையோடு எம்.ஜி.ஆரும் சிவாஜியும் ஒரே கயிற்றில் காற்றுக்கு ஆடிக்கொண்டிருப்பார்கள். உறையின் வாயை ஒட்டாமல் செருகி அனுப்பினால் தபால் கட்டணம் குறைவென்பதால், ஏழை வீட்டிலும் ஒரு கட்டு அட்டை வாங்கி உற்றார் உறவினர் ஒருவர் விடாமல் விலாசம் எழுதி அனுப்புவார்கள். கைப்பேசி வந்த பிறகு அந்தக் கயிறுகளெல்லாம் அவிழ்ந்துவிட்டன. நான் மட்டும் ஏனோ நிறுத்தவில்லை.

என் கைவசமிருந்த வித்தைகளில் தலையாயது மடிப்புக் கோபுரம். தாளை இரண்டாக மடித்து, மடிப்பின் முதுகுக்குக் குறுக்கே ஒரே நீளத்தில் இரண்டு வெட்டு வெட்டி, இடையிலுள்ள பட்டையை உட்புறமாகத் தள்ளிவிட்டால், அட்டையைத் திறக்கும்போது ஒரு படி எழுந்து நிற்கும். அந்தப் படியின் தலை பின்சுவரோடு சேர்கிற மூலையில் முன்னதைவிடக் குறுகலாக மறுபடி இரண்டு வெட்டு. அதற்கு மேல் இன்னும் குறுகலாக இரண்டு. இப்படி ஏழு தரம் செய்துவிட்டால், நடராஜர் கோயிலின் ராஜகோபுரத்தைப் போலவே ஏழு நிலையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒடுங்கி ஒடுங்கி எழும்பிவிடும். வெளியிலிருந்து ஒரு துண்டும் ஒட்டுவதில்லை. உள்ளிருந்து ஒரு துண்டும் வெட்டி எறிவதில்லை. ஒரே தாள், மூடினால் தட்டை, திறந்தால் கோபுரம். முதன்முதலாகத் திறந்து பார்க்கிறவர் எவராயினும், எவ்வளவு பெரிய உத்தியோகஸ்தராயினும், ஒரு கணம் சிறுபிள்ளையாகி, மூடி மறுபடியும் திறந்து பார்ப்பார். அந்த இரண்டாந்தரம் திறப்பதைப் பார்ப்பதற்காகவே நான் இரவெல்லாம் கண்விழித்து வெட்டியிருக்கிறேன்.

என் நண்பர் பிச்சாவரத்தில் படகு வலித்தவர். சிதம்பரத்திலிருந்து கிள்ளை வழியாகச் சுமார் 15 கிலோமீட்டர் போனால், வெள்ளாறும் கொள்ளிடமும் கடலைச் சேருகிற முகத்துவாரங்களுக்கு நடுவே, ஏறக்குறைய 1,100 ஹெக்டேர் பரப்புக்கு விரிந்து கிடக்கிற அலையாத்திக் காட்டில், எந்தக் கால்வாய் எந்தக் கால்வாயில் போய் விழுகிறது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவர். பள்ளிப் பிள்ளைகளை உல்லாசப் பிரயாணம் அழைத்துப் போன ஒரு வருஷத்தில் அவருடைய படகில் ஏறினேன். அந்தப் பழக்கம் முப்பது வருஷம் நீடித்துவிட்டது. அவர் எனக்கு மூத்தவராகையால் நான் அண்ணே என்பேன்; அவர் வாத்தியாரே என்பார். 1975-இல் வெளிவந்த ‘இதயக்கனி’ படத்துக்காக எம்.ஜி.ஆர். இந்தக் காட்டுக்கு வந்தபோது, வேடிக்கை பார்க்கக் கரையில் நின்ற கூட்டத்தில் தாமும் ஒருவர் என்று சொல்வார்; சில நாள், படகையே தாம்தான் பிடித்துக்கொண்டு நின்றதாகவும் சொல்வார்; இரண்டையும் நான் நம்புவதுண்டு. 2004 டிசம்பர் 26 அன்று கடல் எழுந்து வந்தபோது இந்த மரங்கள் குறுக்கே நின்று தாங்கியதால்தான் தம் தெரு பிழைத்ததென்று சொல்லும்போது மட்டும் அவர் குரலில் விளையாட்டு இராது.

படகை மகனிடம் ஒப்படைத்துவிட்டு அவர் வீட்டோடு இருக்கத் தொடங்கிய வருஷம், நான் கொண்டுபோய்க் கொடுத்த கோபுர அட்டையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு தரம் திறந்தார், மூடினார், மறுபடியும் திறந்தார். பிறகு, “வாத்தியாரே, இதை எப்படிச் செய்யறதுன்னு எனக்கும் சொல்லிக் கொடுங்களேன். பொங்கலுக்குப் பேத்திக்கு அனுப்பணும். கடையில வாங்குனது மாதிரி இருக்கக் கூடாது” என்றார். பேத்தி சென்னையில் படித்துக்கொண்டிருந்தாள்.

வாரத்துக்கு ஒரு நாள் அவர் வீட்டுத் திண்ணையில் பாடம் ஆரம்பமாயிற்று. துடுப்புப் பிடித்துக் காய்ப்பேறிய உள்ளங்கை அவருக்கு. ஆனால் விரல்நுனிகளோ, வலை ஊசியைக் கோத்துக் கிழிசல் கண்ணிகளை முடிந்து முடிந்து பதமானவை. பிளேடை அடிக்கோலோடு அணைத்து எப்படிச் சாய்த்துப் பிடிப்பது என்று ஒரு தரம்தான் காட்டினேன். மை தீர்ந்த ரீஃபிலால் மடிக்க வேண்டிய கோட்டை முன்கூட்டியே அழுத்திக் கீறிக்கொள்வதையும், மைதாவைக் காய்ச்சும்போது துளி மயில்துத்தம் போட்டால் பூச்சி அண்டாது என்பதையும், ஒட்டிய பிறகு கனமான புத்தகத்தின் அடியில் ஓர் இரவு வைத்திருக்க வேண்டும் என்பதையும், கேட்டதற்கு மேலாகவே சொல்லிக் கொடுத்தேன்.

முதல் நாளே அவரும் எனக்கொன்று சொல்லிக் கொடுத்துவிட்டார். கரையோரம் உதிர்ந்து கிடந்த வெண்கண்டல் இலைகளைப் பொறுக்கி, நோட்டுப் புத்தகத்தில் வைத்து அழுத்தி, அட்டையின் ஓரத்தில் ஒட்டுவதற்காகக் கொண்டுபோயிருந்தேன். அவர் ஓர் இலையை எடுத்துப் புரட்டி, அடிப்புறத்தை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். உப்பு! வேர் வழியாக ஏறுகிற உப்பை இலை வழியாக வெளியே தள்ளுகிற மரம் அது. வெயில் காலத்தில் இலையின்மேல் பொடி பூத்திருப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். “இப்படியே ஒட்டுனீங்கன்னா மழைக்காலத்துல அட்டைக்கு வேர்க்கும் வாத்தியாரே. நல்ல தண்ணியில ரெண்டு அலசு அலசி நிழல்ல போடுங்க” என்றார். என் பழைய அட்டைகளில் சில ஐப்பசி கார்த்திகையில் கசகசத்துக் கறை படிந்ததன் காரணம் எனக்கு அன்றுதான் விளங்கிற்று. சிவப்பும் மஞ்சளுமாக நிறம் மாறி நின்ற வேறொரு மரத்தின் இலையைக் கிள்ளப் போனபோது என் மணிக்கட்டையே பிடித்துவிட்டார். அது தில்லை. சிதம்பரத்துக்குத் தன் பெயரைக் கொடுத்துக் கோயிலின் ஸ்தல விருட்சமாகவும் இருக்கிற அந்த மரம், இன்று ஊருக்குள் காணக் கிடைக்காமல் இந்தக் காட்டில்தான் நிற்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. தில்லையிலேயே வாழ்ந்தும் தில்லையைத் தெரிந்துகொள்ளாதிருந்த என்னைப் பார்த்து அவர் சிரிக்கவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுப் பிளேடைக் கையில் எடுத்துக்கொண்டார். சொன்னதை ஓர் உபகாரமாகக்கூட அவர் நினைத்ததாகத் தெரியவில்லை.

நானோ ஒன்றை மறைத்துவிட்டேன்.

கடையில் விற்கிற தாளுக்கு ஒரு திசை உண்டு. 1799-இல் பிரான்ஸ் தேசத்தில் நிக்கோலா லூயி ராபர் என்பவர் உரிமை பெற்ற இயந்திரத்தின் வழியில் வந்ததே இன்றைய தாள் உற்பத்தி. ஓயாமல் ஓடுகிற கம்பிவலையின்மேல் கூழை ஊற்றும்போது, ஓடுகிற ஓட்டத்துக்கு இசைந்து இழைகளில் பெரும்பாலானவை ஒரே பக்கமாகத் தலைசாய்த்துப் படுத்துவிடுகின்றன. அந்த இழையோட்டத்தின் வழியே மடித்தால் தாள் வெண்ணெய் போல் மடியும்; குறுக்கே மடித்தால் முரண்டு பிடிக்கும், கனத்த தாளாயிருந்தால் மடிப்பில் வெடித்து வெள்ளைக் கீறல் விடும். ஈரக்காற்றில் தாள் உப்புவதும் இழைக்குக் குறுக்காகத்தான். இரண்டு தாளை இழை மாற்றி ஒட்டிவிட்டால் மறுநாள் காலையில் அட்டை அப்பளம் போல் வளைந்து கிடக்கும். மடிப்புக் கோபுரத்தின் ஏழு நிலையும் ஏழு மடிப்பாகையால், இழை மடிப்போடு இணையாக ஓடாவிட்டால் மூன்றாம் நிலைக்குமேல் கோபுரம் நிமிராது. இவ்வளவுதான் ரகசியம்; சொல்வதற்கு அரை நிமிஷம் போதும்.

நண்பருடைய கோபுரம் மூன்றாம் நிலையில் வெடித்தது. வேறு தாள் எடுத்தார். அளவெல்லாம் நூல் பிசகாமல் இருந்தும், எழும்பியது ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. நான்கு வாரம், நான்கு கோபுரம். நான்காவதையும் கசக்காமல் பத்திரமாக ஓரம் வைத்துவிட்டு, தம் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டே, “துடுப்புப் பிடிச்ச கைக்கு இது வராது போலிருக்கு வாத்தியாரே” என்றார்.

“பழகப் பழக வரும் அண்ணே” என்றேன் நான். வாக்கியத்தில் பொய்யில்லை, சொன்ன வாயில் இருந்தது.

அன்று பஸ்ஸில் திரும்பும்போதுதான் என்னை நானே விசாரிக்கத் தொடங்கினேன். இந்த வித்தை என் ஜீவனோபாயமன்று. ஓர் அட்டையையும் நான் காசுக்கு விற்றதில்லை. நானாகக் கண்டுபிடித்ததும் அன்று. 1983-ஆம் வருஷ வாக்கில், தெற்குவீதிப் பக்கம் ஒரு சந்தில் பைண்டிங் வேலை செய்துகொண்டிருந்த கிழவர், என் பெயரைக்கூடக் கேளாமல், தாளின் ஓரத்தைத் துளி நனைத்து, அது எந்தப் பக்கம் சுருள்கிறதென்று காட்டி, ஒரு தேநீரோடு தேநீராகச் சொல்லிவிட்ட விஷயம் அது. இரவல் வாங்கிய பொருளைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டியவனானேன். எதற்காக? சமாதானம் சொல்லிக்கொள்ள உலகத்தில் கதைகளுக்குப் பஞ்சமில்லை. புலிக்கு எல்லா வித்தையும் கற்றுக்கொடுத்த பூனை, மரமேறுவதை மட்டும் கற்றுக்கொடுக்காததால் உயிர் பிழைத்த கதை எல்லோருக்கும் தெரியும். ஆனால் என் நண்பர் புலியல்லர். தாமே முயன்று கண்டுகொண்டால்தான் வித்தை நிலைக்கும் என்று ஆசிரியர்கள் சொல்லுகிற நியாயமும் ஒன்றுண்டு. அதை நானே பல வருஷம் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். பாடம் தயார் செய்யாத நாட்களில் அதிகமாகச் சொல்லியிருக்கிறேன்.

உண்மை வேறு. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, ஊரில் என்னை வாத்தியாரே என்று கூப்பிடுகிறவர் அவர் ஒருவர்தாம். நான் செய்வதையெல்லாம் அவரும் செய்துவிட்டால் அந்த அழைப்புக்கு அர்த்தம் ஏது என்கிற பயம், பயமென்று தன் பெயரைச் சொல்லிக்கொள்ளாமல், உள்ளே ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிறது. கஞ்சத்தனம் செய்கிறவனுக்காவது பொருள் மிஞ்சும். இந்தக் கஞ்சத்தனத்தில் எனக்கு மிஞ்சியது என்னவென்றால், ஒரு நல்ல மனிதர் தம் கையைத் தாமே குறை சொல்லிக்கொண்ட காட்சிதான்.

சிதம்பரத்தில் பிறந்தவனுக்கு இந்த விஷயத்தில் ஞாபகம் வர வேண்டிய கதை பூனைக்கதையன்று. மூவர் பாடிய தேவாரச் சுவடிகள் இங்கே கோயிலுக்குள் ஓர் அறையில் அடைபட்டுக் கிடந்ததும், அவற்றைத் தேடிக்கொண்டு நம்பியாண்டார் நம்பியோடு அரசன் வந்தபோது, பாடிய மூவரும் வந்தாலொழியக் கதவு திறவாது என்று காவலுரிமை பெற்றவர்கள் சொன்னதும், அரசன் மூவருடைய திருவுருவங்களை எழுந்தருளச் செய்து இதோ வந்துவிட்டார்கள் என்றதும், கதவு திறந்து பார்த்தால் சுவடிகளைப் புற்று மூடியிருந்ததும், எண்ணெய் வார்த்துப் புற்றைக் கரைத்து எடுத்ததில் செல்லரித்தவை போக மிஞ்சியவை கொஞ்சமே என்பதும் உமாபதி சிவாசாரியார் பெயரால் வழங்கும் திருமுறைகண்ட புராணம் சொல்லும் வரலாறு. இதில் சரித்திரம் எவ்வளவு, புராணம் எவ்வளவு என்று வழக்காட எனக்கு உத்தேசமில்லை. என் மனத்தை உறுத்துவது அந்தப் பூட்டுத்தான். பூட்டியவர்கள் துஷ்டர்களாக இருந்திருக்க மாட்டார்கள். பத்திரப்படுத்துகிறோம் என்றே நினைத்திருப்பார்கள். ஓலையென்றாலும் தாளென்றாலும் பூட்டுக்குக் கட்டுப்படாத ஜந்து ஒன்று உள்ளேயே இருந்துகொண்டிருக்கிறது.

ஜப்பானியர்கள் இதில் வேறு விதமாக நடந்துகொண்டார்கள். கியோட்டோ நகரில் 1797-இல் வெளியான ஒரு சிறு நூல், ஒரே தாளை வெட்டி, ஒன்றோடொன்று ஒட்டிய பல கொக்குகளாக மடிப்பது எப்படி என்று படத்தோடு விவரிக்கிறது. அதன் பெயரிலேயே ரகசியம் என்ற சொல் இருக்கிறது! ரகசியம் என்று தலைப்பிட்டு அச்சடித்து விற்றவர்களின் ஹாஸ்யத்தை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். பின்னாளில் அகிரா யோஷிசாவா என்ற மடிப்புக் கலைஞர், மடிப்புகளைப் புள்ளிக்கோடுகளாலும் அம்புக்குறிகளாலும் எழுதிக்காட்டும் ஒரு முறையை 1954-இல் தம் நூலில் வெளியிட்டார். அதன் பிறகு, பாஷை தெரியாத ஊரில் இருக்கிறவனும் அம்புக்குறியைப் பார்த்தே மடிக்கக்கூடியவனானான். யோஷிசாவாவின் கொக்கு அதனால் பறந்துபோய்விடவில்லை.

இவ்வளவும் யோசித்தவன் அடுத்த வாரம் போய் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டுமல்லவா? சொல்லவில்லை. உறுத்தலுக்குப் பிராயச்சித்தமாக, புதுச்சேரிக்குப் போயிருந்தபோது, 1959 முதல் நடந்துவருகிற ஸ்ரீ அரவிந்த ஆசிரமத்தின் கைத்தாள் தொழிற்கூடத்துத் தாள் பத்து வாங்கி வந்து அவரிடம் கொடுத்தேன். பருத்தித் துணிக் கழிவைக் கூழாக்கி, சல்லடைச் சட்டத்தில் கையாலேயே அள்ளிச் செய்கிற தாள் அது. அதில் அவர் வெட்டிய முதல் கோபுரமே ஏழு நிலையும் நிமிர்ந்து எழுந்து நின்றது.

நான் மெச்சினேன். அவர் மகிழ்ந்ததாகத் தெரியவில்லை, தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே போய், மிச்சமிருந்த கடைத்தாள் ஒன்றைக் கொண்டுவந்து, நெடுக்காக ஒரு தரமும் குறுக்காக ஒரு தரமும் நிதானமாகக் கிழித்தார்.

“இங்க பாருங்க வாத்தியாரே. இப்படிக் கிழிச்சா கோடு போட்ட மாதிரி நேரா போவுது. இப்படிக் கிழிச்சா கோணிக்கிட்டு எங்கயோ போவுது, ஓலையைக் குறுக்க கிழிச்ச மாதிரி. தாளுக்கும் நரம்பு ஓடுது. பாண்டித் தாள்ல மட்டும் நரம்பு இல்ல. நாலாபக்கமும் கலந்து கெடக்கு. அதான் எப்படி மடிச்சாலும் மடியுது.”

சட்டத்தை முன்னும் பின்னும் இடமும் வலமுமாக ஆட்டி அள்ளுவதால் கைத்தாளில் இழைகள் திசையின்றிப் பின்னிக்கொள்கின்றன என்பதைப் புத்தகத்தில் படித்தவன் நான். படிக்காமலே அவர் விரல் அதைப் படித்துவிட்டது. என் பக்கம் திரும்பி, கண்ணில் சிறுவனுடைய உற்சாகத்தோடு, “இது உங்களுக்குத் தெரியாதா வாத்தியாரே?” என்று கேட்டார். அந்தக் கேள்வியில் சந்தேகத்தின் சாயல்கூட இல்லை. தெரியாது என்று நான் சொல்லியிருந்தால், எனக்கு ஒன்றைக் கற்றுக்கொடுத்த சந்தோஷத்தோடு அன்றிரவு தூங்கியிருப்பார்.

“தெரியும் அண்ணே. முதல் நாளே தெரியும்” என்றேன்.

கிழித்த துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மடித்து, திண்ணை ஓரத்தில் வைத்தார். எதிர் வீட்டில் யாரோ கருவாடு புரட்டிப் போடுகிற சத்தம் கேட்டது. பிறகு, என்னைப் பாராமலே சொன்னார்: “எங்க கால்வாய்ல எவனாவது வழி தெரியாம மாட்டிக்கிட்டா, ராத்திரி விளக்கெடுத்துக்கிட்டு நாங்கதான் தேடப் போவணும். அதனால வழியை யாரும் மறைக்கிறதில்ல. உங்க வேலையில அந்தச் சிரமம் இல்ல பாருங்க, அதான்.” சொல்லிவிட்டு மருமகளைக் கூப்பிட்டு இரண்டு டீ போடச் சொன்னார்.

எனக்காக அவரே தேடிக் கொடுத்த அந்தச் சாக்கை நான் வாங்கிக்கொண்டேனா, திருப்பிக் கொடுத்தேனா என்று இன்றுவரை எனக்கே தெரியவில்லை. டீயை மட்டும் குடித்தேன்.

அதற்குப் பிறகு அவர் என்னைத் தாண்டிப் போய்விட்டார். கோபுரத்தோடு அவர் நிற்கவில்லை. சுரபுன்னையின் வேர்கள் வில்லாக வளைந்து சேற்றில் ஊன்றுவதை, நேர்வெட்டுக்குப் பதிலாக வளைவெட்டு வெட்டி ஒரே மடிப்பில் கொண்டுவந்தார். அட்டையைத் திறக்கிற வேகத்துக்குத் தக்கபடி வேர்களுக்கு நடுவே சிறு படகு ஒன்று முன்னால் நகரும்படிச் செய்தார். முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்குப் பொறாமை வரவில்லை என்று சொன்னால் இந்தக் கட்டுரையை எழுதிப் பிரயோஜனமில்லை. வந்தது, சுருக்கென்று வந்தது, நான் என்னையறியாமல் அட்டையை மூடி மறுபடியும் திறந்துகொண்டிருந்தேன் என்பதை அவர் புன்னகையைக் கண்ட பிறகே உணர்ந்தேன். இப்போது விடுமுறை நாட்களில் தெருப்பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் அவர் திண்ணையில் கூடுகிறார்கள். பிளேடையும் ரீஃபிலையும் தொடவிடுவதற்கு முன் அவர் அவர்கள் கையில் கொடுப்பது ஆளுக்கொரு பழைய தாள்தான்: நெடுக்கே ஒரு கிழி, குறுக்கே ஒரு கிழி. என்னையும் வரச் சொல்லிக் கூப்பிடுவார், வாத்தியாரே என்றுதான்.

இந்தப் பொங்கலுக்குத் தபாலில் ஓர் உறை வந்தது. 15 கிலோமீட்டரில் இருக்கிற மனிதர், கையில் கொடுக்கக்கூடியதைத் தபாலில் சேர்த்திருந்தார்; உறையின் வாய் பழைய முறைப்படி ஒட்டாமல் செருகியிருந்தது. உள்ளே சுரபுன்னைக் காடு. அலசி உலர்த்திய வெண்கண்டல் இலை ஒன்று, கறையில்லாமல், ஓரத்தில். வாழ்த்து எழுத வேண்டிய இடத்தில் ஒன்றும் எழுதவில்லை. மறந்துவிட்டார் போலும் என்று திருப்பிப் பார்த்தேன். பின்புறத்தில், விரலளவுக்குப் பென்சிலால் ஓர் அம்புக்குறி போட்டு, அதன் அடியில் தடித்த எழுத்தில், ‘நரம்பு இப்படி’ என்று எழுதியிருந்தார்.